சேம்புச் செடியும் கல்யாணக் கோட்டும்

பண்ணையார் தாணுமூர்த்தி ஒரு யானைக்காதுச் சேம்பைச் சின்ன வெண்கலப் பானையில் வளர்த்தார். மூன்று வருடமாகியும் அதன் இலை உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை.

"ரெண்டு மாசத்துல சம்பந்தி வீட்டார் வர்றாங்க. அதுக்குள்ள இலை முறம்போல விரியணும். பானையை மாத்தக்கூடாது. முடியலைன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார் தோட்டக்காரி உலகம்மையிடம்.

உலகம்மை அசரவில்லை. செடியை நிழலுக்கு மாற்றினாள், எரு போட்டாள், தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தால் பானை முழுக்க வேர்தான் சுருண்டு கிடந்தது.

மறுநாள் பண்ணையார் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது நேரே போய் நின்றாள்.

"ஐயா, உங்க கல்யாணக் கோட்டை ஒருதடவை போட்டுக்காட்டணும். அப்பத்தான் செடி வளரும்."

நண்பர்கள் விடவில்லை. பண்ணையார் முப்பது வருடத்துக்கு முந்தைய கோட்டுக்குள் நுழைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பித்தானை மாட்டினார். அது தெறித்து ஒரு நண்பரின் மடியில் விழுந்தது.

"கழட்டுங்கப்பா, மூச்சு முட்டுது! இருபது வயசுல தைச்சது இப்ப எப்படிப் பத்தும்?" என்று கத்தினார்.

"செடியும் அதைத்தான்யா கேக்குது. குட்டியா இருந்தப்ப வச்ச பானை" என்றாள் உலகம்மை.

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கை இன்னும் கோட்டுக்குள் சிக்கியிருக்க, "கொண்டுபோய்க் கிணத்தடியில நடு" என்றார் பண்ணையார்.

இரண்டு மாதம் கழித்து வந்த சம்பந்தி, கிணற்றடியில் நின்று, "பண்ணையார் எங்கேம்மா?" என்று கேட்டார்.

உலகம்மை ஒரு இலையை விலக்கிக் காட்டினாள். "இதோ, இங்கதான் நிக்கிறாங்க."