பிடி வராத வீடு

வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"மோட்டார் படகு ஒன்று வாங்கிவிடலாம், சுவாமி," என்றார் மாசிலாமணி. "அடுத்த வெள்ளத்தில் ஆலந்திட்டுக்குச் சோறு நிற்காது."

மாசிலாமணி பாலம் கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். சீடர்தான் என்றாலும் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆலந்திட்டுக்குச் சோறு அனுப்பும் பொறுப்பு அவருடையது.

குரு எழுந்தார். உள்ளே போய்த் திருவோட்டை எடுத்துவந்தார்.

"வாருங்கள், போகலாம்."

"அரிசி மூட்டை ஏற்றச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

ஆற்றின் நடுவே இருக்கும் மேடு ஆலந்திட்டு. ஐம்பது வீடுகள். பரிசலில் போக அரை மணி நேரம். பாதி வழியில் மாசிலாமணி கேட்டார்.

"நாம் செய்ததில் என்ன தவறு, சுவாமி? ஆறு வருடம். வெள்ளம் வரும்வரை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை."

"ஆமாம்," என்றார் குரு. "ஒரு நாள்கூட நிறுத்தவில்லை."

ஆறு வருடத்துக்கு முன்பு மழை பொய்த்தது. அப்போது திட்டில் பெண்கள் சேர்ந்து ஒரு குதிர் வைத்திருந்தார்கள். உலை வைக்கும்முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். அது குதிரில் சேரும். அடுப்பு எரியாத வீட்டுக்கு அதிலிருந்து கஞ்சிக்கு அரிசி போகும். குரு ஆற்று மணலில் நடந்துபோய் அதைப் பார்த்தார். கஞ்சி தண்ணீராக இருந்தது. மறுநாளிலிருந்து மடத்துச் சோறு போனது. மழை திரும்பி வந்த பிறகும் போனது. மத்தியானம் துறையில் இலை போடுவார்கள். வெள்ளிக்கிழமை பாயசமும் உண்டு.

இந்த ஐப்பசியில் ஒன்பது நாள் பரிசல் போகவில்லை. திட்டில் கோரை அறுக்கும் சடையப்பன் தன் வீட்டில் இறந்து கிடந்தார். காலில் வெட்டுக்காயம், காய்ச்சல். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அக்கரையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு திட்டில் நிவாரண அரிசிதான்; மடத்துச் சோறு இன்னும் தொடங்கவில்லை.

துறையை ஒட்டிய முதல் வீடு காசாம்புவுடையது. குதிர் அவள் வீட்டில்தான் இருந்தது. வாசலில் உட்கார்ந்து நிவாரண அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ காசாம்பு, மடத்துச் சாமி ஓட்டத் தூக்கிட்டு வருது பாரு!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"மடத்துல அரிசி தீந்துபோச்சோ என்னமோ," என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது.

குரு காசாம்புவின் முன் நின்றார்.

"பிடி அரிசி வேண்டும், அம்மா."

காசாம்பு முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்ககிட்டயா? குதிருல இப்ப ஆட்டுக்குத் தவிடு கெடக்கு சாமி."

"திரும்பவும் அரிசி போடலாமா என்று கேட்க வந்தேன்."

"'உங்களுக்கு எதுக்கம்மா இந்தச் சிரமம்'னு நீங்கதான சொன்னீங்க. நிறுத்தினோம். சிரமம் விட்டுச்சுன்னு சந்தோசமாத்தான் இருந்தோம், பொய் சொல்லக் கூடாது. இப்ப ஆரம்பிங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?"

மாசிலாமணி முன்னால் வந்தார். "என்னம்மா பேசறீங்க? ஆறு வருசம் சோறு போட்டவர்கிட்ட…"

குரு கையை உயர்த்தினார். மாசிலாமணி நிறுத்திக்கொண்டார்.

"சோறு போட்டீங்க, இல்லங்கல," என்றாள் காசாம்பு. "சடையப்பன் செத்தப்ப அக்கரையில எல்லாரும் கேட்டாங்க, ஒரே ஊர்ல இருந்துகிட்டு ஒங்களுக்குத் தெரியலையான்னு. எப்படித் தெரியும்? முன்ன நானும் ராசகிளியும் தெனம் சாயங்காலம் வீடு வீடாப் போவோம். ஒரு பிடி அரிசி கெடைக்கும்னா போனோம்? எந்த வீட்ல பிடி வரலன்னு பாக்கத்தான் போனோம்."

யாரும் சிரிக்கவில்லை.

"இது எனக்குத் தெரியாமல் போயிற்று," என்றார் குரு.

"நீங்க எங்க கேட்டீங்க? கஞ்சியப் பாத்தீங்க. கண்ணு கலங்குச்சு. போயிட்டீங்க."

குரு ஓட்டை நீட்டியபடியே நின்றார். காசாம்பு அவரைப் பார்த்தாள். பிறகு முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

"கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொல்லிப் பழக்கமில்ல. அதுக்காக ஆரம்பிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

குரு அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். சிலர் போட்டார்கள். ஒருத்தி, "பாயசம் எப்ப சாமி?" என்று கேட்டுக்கொண்டே போட்டாள். மாசிலாமணி தலையைக் குனிந்தபடி பின்னால் நடந்தார். கொஞ்ச தூரம் விட்டு காசாம்புவும் வந்தாள். 

பதினோராவது வீட்டில் வாசலுக்கு வந்த பெண் ஓட்டைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை.

"கை வேலையா இருக்கேன் சாமி. அப்புறம் வாங்க," என்றாள்.

குரு அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"நில்லுங்க," என்றாள் காசாம்பு. அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். புகை இல்லை. பிறகு நேராக உள்ளே போய் அடுப்புச் சாம்பலில் கை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"எத்தன நாளாடி?"

அந்தப் பெண் உள்ளே அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"சில்லுனு கெடக்கு. எத்தன நாளாச்சு?"

"நேத்துலேருந்து."

"நிவாரண அரிசி?"

"நனஞ்சு பூசணம் புடிச்சுப் போச்சுக்கா."

"ஏன் சொல்லல?"

"யாருகிட்டச் சொல்றது?"

காசாம்பு குருவின் கையிலிருந்த ஓட்டை வாங்கினாள். அதிலிருந்ததை அந்தப் பெண்ணின் முந்தானையில் கவிழ்த்தாள்.

"உலை வை. உப்பு இருக்கா?"

"இருக்கு."

காசாம்பு வெற்று ஓட்டோடு தெருவில் இறங்கினாள். "ஏ ராசகிளி!" என்று கத்தினாள். "மொழங்காலு அப்புறம் வலிக்கட்டும், வா! நீ வடக்கால போ."

சற்று தூரம் போனவள் திரும்பி மாசிலாமணியைப் பார்த்தாள்.

"ஐயா, பாலம் கட்டினவராமே. குதிரு நனையாம ஒரு மேடை கட்டித் தருவீங்களா? எங்க கட்டணும், எவ்வளவு ஒசரம்னு நாங்க சொல்லுவோம்."

"சொல்லுங்கம்மா," என்றார் மாசிலாமணி. பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவள் அதற்குள் அடுத்த வாசலில் நின்றிருந்தாள்.

மாசிலாமணி திரும்பிப் பார்த்தபோது குருவைக் காணவில்லை.

தெருவின் கோடியில், ஆற்றுப்பக்கம், கடைசி வீட்டின் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது. திண்ணைக்குச் சற்றுக் கீழே வெள்ளத்தின் கோடு. திண்ணையில் காய்ந்துபோன ஒரு கட்டுக் கோரை.

வெகுநேரம் ஆகியும் குரு நகரவில்லை. மாசிலாமணி அருகில் போனார்.

"சுவாமி, இது சடையப்பன் வீடு. இங்கே யாரும் இல்லை."

"தெரியும்," என்றார் குரு. "இருந்தபோது நான் வரவில்லை."