கருப்பட்டிக்கு வலிக்கிறதா?

"இன்னும் எத்தனை நாளைக்கு மேடம் நான் கையைக் கட்டிக்கிட்டே நிக்கிறது?"

வேதநாயகம் கேட்டேவிட்டார்.

அவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. கோவை வட்டாரத்தில் நாயோ பூனையோ எலும்பை முறித்துக்கொண்டால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிரே உட்கார்ந்திருந்த சாஜிதா பானு அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒரு காலத்தில் கல்லூரியில் அந்த அம்மாளுக்குத் தையல் போடக் கற்றுக்கொடுத்ததே வேதநாயகம்தான். இன்றைக்கு அந்த அம்மாள் பிராணிகளின் மூளை, நரம்பு நோய்களைப் பார்க்கிற மருத்துவர். வேதநாயகம் அவரிடம் மாணவர்.

எல்லாம் ஒரு நாயால் வந்தது. பின்னங்கால் இரண்டும் விழுந்துபோன நாய். காலில் உணர்ச்சி மிச்சமிருக்கிறதா என்று முதலில் பார்க்காமல் அவசரப்பட்டு முதுகைத் திறந்துவிட்டார். ஆபரேஷன் என்னவோ அழகாகத்தான் முடிந்தது. நாய்தான் எழவே இல்லை. படுத்த இடத்தில் புண் வைத்து, மாதக்கணக்கில் சீரழிந்து செத்தது. அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இப்படி நொந்து வந்தவரைப் பிடித்து, கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னால் எப்படி இருக்கும்?

அதுதான் சாஜிதா பானு போட்ட முதல் சட்டம். பிராணி உள்ளே வரட்டும், நடக்கட்டும், சுற்றட்டும், சுவரில் முட்டட்டும். தொடாதீர்கள். பாருங்கள்.

பார்த்தார். ஒரே பக்கமாக வட்டமடிக்கும் பூனையைப் பார்த்தார். தலை சாய்ந்துபோன முயலைப் பார்த்தார். ஈயே இல்லாத இடத்தில் ஈயைக் கவ்விக்கொண்டிருந்த நாயைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் ஏறியது. கட்டிய கைக்குள் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

"எனக்கு என்ன தெரியலைன்னு நிக்க வைக்கிறீங்க?" என்றார்.

சாஜிதா பானு மேசைமேல் கிடந்த இடுக்கியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அடுத்து வர்றதை நீங்களே பாருங்க சார்."

சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வந்தவள் மயிலாத்தாள். சோமனூர்க்காரி, தையல் வேலை செய்கிறவள். மடியில் துண்டு சுற்றிய நாய், குட்டைக் காலும் நீள முதுகுமாக. நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று பெயர் வைத்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் கட்டிலிலிருந்து குதித்திருக்கிறது. அதோடு பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. எடுத்த ஸ்கேன் படத்தில் முதுகெலும்பின் நடுவே ஜவ்வு வட்டு பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது நன்றாகவே தெரிந்தது.

தெரியாதது ஒன்றே ஒன்றுதான். காலைக் கிள்ளினால் கருப்பட்டிக்கு வலிக்கிறதா?

வலித்தால் நரம்பில் உயிர் இருக்கிறது. இன்றே ஆபரேஷன் செய்தால் நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. வலிக்கவில்லை என்றால் திறப்பது பெரும்பாலும் வீண். வேதநாயகத்துக்குப் பழைய நாய் கண்முன்னே வந்தது.

மயிலாத்தாளுக்கோ பேசினால்தான் மனம் ஆறும் போலிருந்தது. "ரொம்ப அடக்கமானவனுங்க. எங்க வூட்டுக்காரருக்கு மில்லுல நைட் ஷிப்டுங்க, பகல்லதான் தூங்குவாரு. இவன் வாயத் தொறந்தா அவரு எந்திரிச்சிக்குவாருன்னு குட்டியிலிருந்தே பழக்கிப்போட்டமுங்க. நேத்து விழுந்தப்பக்கூட..."

"சரிம்மா, சரிம்மா, மேசையில வைங்க," என்றார் வேதநாயகம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிற மனிதருக்கு அடுத்தவள் வீட்டு ஷிப்டு எதற்கு?

நாயின் தலையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இத்தனை வருஷமாக அப்படித்தான் பிடிப்பார். அவரை எந்த நாயும் கடித்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. வலது கையால் பின்னங்கால் விரலை இடுக்கியில் வைத்து அழுத்தினார்.

கால் வெடுக்கென்று மடங்கியது.

"இழுக்கறானுங்களே," என்றாள் மயிலாத்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

அவர் தலையை ஆட்டினார். இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள் என்று சுவரோரத்துக்கும் கேட்கிற மாதிரி விளக்கினார். கால் தானாக இழுத்துக்கொள்ளும், அதற்கு மூளை வேண்டியதில்லை. கிள்ளிய சேதி தலைக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் நாய் கத்தும். கத்துகிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் அழுத்தினார். சத்தமில்லை. அடுத்த விரல், அடுத்த கால். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ஒரு சின்ன முனகலாவது வராதா என்று அவருக்கே இருந்தது. வரவில்லை.

நாயை அவள் மடியில் திருப்பிக் கொடுத்தார். உணர்ச்சி போய்விட்டது, ஆபரேஷன் செய்து பயன் இருக்காது, புண் வைத்துச் சீரழிவதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், கஷ்டப்பட விடாமல் தூங்க வைத்துவிடுவதுதான் அதற்குச் செய்கிற நல்லது என்று எடுத்துச் சொன்னார். சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கே வலித்தது.

மயிலாத்தாள் துண்டை இழுத்துக் கருப்பட்டியைப் போர்த்தினாள். பிறகு பையிலிருந்து ஒரு பன்னை எடுத்தாள்.

"நேத்துலருந்து ஒண்ணுமே திங்கலைங்க. இதக் குடுத்துக்கட்டுங்களா? அதுக்கப்பறம்..."

பன்னைப் பிய்த்து ஊட்டினாள். கருப்பட்டி அதைத் தின்றுவிட்டு அவள் விரல்களை நக்கத் தொடங்கியது.

வேதநாயகத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பினார். எல்லாக் கோபமும் அங்கே நின்றவர்மேல் பாய்ந்தது.

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நான் செஞ்சதுல என்ன தப்புன்னு சொல்லுங்க மேடம்."

சாஜிதா பானு கட்டிய கையைப் பிரித்துக்கொண்டு வந்தார்.

"கையைக் குடுங்க சார்."

கொடுத்தார். அவர் சுண்டுவிரலை இடுக்கியில் வைத்து அந்த அம்மாள் அழுத்தினார்.

வேதநாயகத்துக்கு உச்சி வரைக்கும் சுரீரென்றது. ஆனால் எதிரே நாயைக் கொண்டுவந்தவள் இருக்கிறாள். அழுத்துகிறவரோ ஒரு காலத்தில் தன்னிடம் படித்தவர். கத்துவாரா மனிதர்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாள் இன்னும் அழுத்தினார். வேதநாயகத்தின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. வாய் திறக்கவில்லை.

சாஜிதா பானு அவரைப் பார்க்கவே இல்லை. மயிலாத்தாள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, சாருக்கு வலிக்குதா?"

"ஐயோ, ரொம்ப வலிக்குதுங்க. வுட்டுருங்கம்மா."

"சத்தமே போடலையே. எப்படிச் சொல்றீங்க?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியலைங்களா?"

இடுக்கி விலகியது.

வேதநாயகம் விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மெல்லக் குனிந்து தன் இடது கக்கத்தைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டில் அங்கே மட்டும் கருப்பட்டி நிறத்தில் முடி அப்பியிருந்தது. மூக்கின் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

"அம்மா," என்றார் மயிலாத்தாளிடம். "உங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்டுன்னு சொன்னீங்களே. இவன் எப்பவாச்சும் கத்தியிருக்கானா?"

"அதைத்தானுங்க அப்பவே சொல்ல வந்தேன்," என்றாள் அவள். "கத்தவே மாட்டானுங்க."

வேதநாயகம் இடுக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நாயை மேசைக்குக் கொண்டுபோகவில்லை. அவள் மடியிலேயே விட்டு, எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அது சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

கருப்பட்டி மயிலாத்தாளின் விரலை நக்கிக்கொண்டிருந்தது. அதன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வலது கையால் துழாவிப் பின்னங்கால் விரலைக் கண்டுபிடித்தார். இடுக்கியில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தினார்.

கால் மடங்கியது. அதை அவர் பார்க்கவில்லை.

நாக்கு நின்றது.

கண்ணின் கருமணி அகலமாக விரிந்தது. காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. கருப்பட்டி தலையைத் தூக்கி மயிலாத்தாளை ஒரு முறை பார்த்தது. அவ்வளவுதான்.

இடுக்கியை எடுத்துவிட்டார். நாக்கு மறுபடி நக்கத் தொடங்கியது.

"கத்துச்சா சார்?" என்று பின்னாலிருந்து சாஜிதா பானு கேட்டார்.

"இல்லைங்க மேடம்," என்று சொல்லிக்கொண்டே எழுந்த வேதநாயகம் ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்து ஓடினார்.