கரையில் கட்டிய மண்டபம்

பூங்கோதையிடம் சீடராகச் சேர்ந்த செங்கோடனுக்கு அவளைவிடப் பத்து வயது அதிகம். அவள் பூங்கா, படித்துறை, பேருந்து நிழற்குடை என்று ஊருக்குப் பொதுவானதை மட்டும் கட்டுகிறவள். அவர் கல்யாண மண்டபங்களாகக் கட்டித் தள்ளிய காண்ட்ராக்டர். “பொதுவுக்கு ஒண்ணு கட்டப் பழகோணும் அம்மணி” என்று வந்து நின்றார். வயதை ஒரு பொருட்டாக நினைக்காமல் வந்தாரே, அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர்கள் ஊரில் ஆறு நடுவில் ஓடுகிறது. ஆனால் எல்லா வீடும் ஆற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கும். கொல்லைப்புறம், கக்கூஸ் குழாய், குப்பை எல்லாம் அந்தப் பக்கம். செங்கோடன் கரைச்சுவரை ஓரிடத்தில் திறந்து, நாலு கல்தூண் நட்டு, ஓடு வேய்ந்து, தண்ணீர் வரைக்கும் படி இறக்கினார். ஜனம் வந்து உட்காரட்டும், ஆற்றைப் பார்க்கட்டும் என்று ஆசை.

முதலில் வந்தது ஒரு கருமாதிக் கூட்டம்.

அப்புறம் இன்னொன்று. ஆற்றங்கரையில் தூண் வைத்த மண்டபம் வேறு எதற்கு இருக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. காலையில் நடக்கப் போகிறவர்கள் எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். படியில் இறங்கிய குழந்தையை ஒரு தாய் இழுத்துக்கொண்டு போய்த் தலைக்கு ஊற்றினாள்.

செங்கோடன் பலகை வைத்தார்: ‘இங்கே கருமாதி செய்யக் கூடாது.’ அதுவரை விஷயம் தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

தை மாதத்துக்குள் ஆள் வராவிட்டால் இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்போவதாக அதிகாரிகள் சொன்னார்கள். அவர் குருவைத் தேடி ஓடினார்.

“தூணை எடுத்துடலாங்களா அம்மணி? தூணாலதான் இத்தனையும்.”

“வாங்க, போய்ப் பாக்கலாம்.”

மண்டபத்தில் யாரும் இல்லை. பலகையைப் படித்ததும் பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஆத்தைத் தேடி வந்தவங்க அவங்க மட்டுந்தானுங்ணா. அவங்களையும் தொரத்தி விட்டுட்டீங்க.”

“அவுங்க வந்தா மத்தவுங்க வரமாட்டீங்கறாங்களே.”

அவள் மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, கருமாதிக்காரர்கள் விட்டுப்போன சாம்பலைக் கூட்டினாள். செங்கோடன் பதறிப்போய்க் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கூட்டி முடித்துப் படியில் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“பேத்திக்குக் காதுகுத்துன்னீங்களே, எப்பங்ணா?”

“வர்ற புதங்கெழமைங்க.”

“எங்க வெக்கறீங்க?”

“நான் கட்டுன கல்யாண மண்டபந்தானுங்க. பைபாஸ்கிட்ட இருக்குதே, அது.”

“இதுவும் நீங்க கட்டுனதுதானே.”

அவருக்கு முகம் மாறியது.

“ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க அம்மணி.”

“கேட்டீங்களா?”

கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

“பச்சப்புள்ளைங்க அம்மணி,” என்றார் மெல்ல. “ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?”

“அப்ப இதை யாரு புள்ளைக்குக் கட்டுனீங்க?”

செங்கோடனுக்கு அவமானமாக இருந்தது, வலிக்கவும் செய்தது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்து, போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

“கண்ணு, காதுகுத்துக்கு எடம் மாத்தலாம்னு இருக்கறேன்.”

“எங்கப்பா?”

“ஆத்தோரம். நான் கட்டுன மண்டபத்துல.”

மறுமுனையில் சத்தமே இல்லை. அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.