வலப்பக்கம் காட்டிய அம்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை என்னால் நிதானமாகச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தாலே வயிறு எரிகிறது. ஆனாலும் ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன், முடிவில் ஒரு கேள்வியும் கேட்பேன். நழுவாமல் பதில் சொல்ல வேண்டும்.

அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதம் எப்படி நேர்ந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது என் பிழைப்பு. அப்படித்தான் கோவை கணபதியில் சம்பத்குமார் நடத்தும் பட்டறைக்குப் போனேன். அங்கே செய்துகொண்டிருந்த சாமான் நல்ல சாமான், அதைக் குறை சொல்ல மாட்டேன். கார் ஓட்டுகிறவர் வழி தெரிந்துகொள்ளச் செல்போனைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி. அதன் வெளிச்சம் முன்கண்ணாடியில் பட்டு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஓர் அம்பும், இன்னும் எத்தனை மீட்டர் என்று ஓர் எண்ணும் சாலையின் மேலேயே தெரியும்.

பட்டறையின் டிரைவர் வெள்ளிங்கிரி, பிறவியிலேயே காது கேளாதவர். செல்போன் போடுகிற சத்தத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. கண்ணுக்கு எதிரே வரும் அம்பு என்றால் அவருக்கு அது பெரிய விஷயம். லைசென்ஸ் வாங்க அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. அந்த லைசென்ஸ்தான் இப்போது பறிபோகப் பார்க்கிறது.

பெட்டியை வாங்க ஒரு வியாபாரி வந்த அன்று, வெள்ளிங்கிரியே ஓட்டட்டும் என்றார் சம்பத்குமார். காது கேளாதவரே ஓட்டுகிறார் என்று காட்டினால் சரக்கு விலைபோகுமாம். முதலில் வியாபாரியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துப் பெருமை அடித்தார்.

"இந்தச் சீட்டுல உக்காந்தாத்தானுங்க தெரியும். பக்கத்துச் சீட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியாது. அதானுங்க நம்ம சரக்கோட விசேஷம்."

பிறகு வெள்ளிங்கிரி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்துச் சீட்டில் சம்பத்குமார், பின்னால் வியாபாரி. அதுவரை அந்த வண்டியை வளைவே இல்லாத பைபாஸில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஊருக்குள்ளும் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாம் என்று கேட்டவர்களிடம், அதற்கெல்லாம் நேரமில்லை என்று முதலாளி எரிந்து விழுந்தாராம்.

முதல் நாலு ரோட்டிலேயே வினை வந்தது. போக வேண்டியது இடப்பக்கம், வெள்ளிங்கிரி திரும்பியது வலப்பக்கம். அது ஒருவழிப் பாதை, எதிரே பஸ். அவர் சட்டென்று ஒடித்துத் தடுப்புச் சுவரில் மோதி நிறுத்தியதால்தான் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

நான் போனபோது பட்டறை முழுக்க ஒரே பேச்சு, காது கேளாத ஆளிடம் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று. காதுக்கும் அம்புக்கும் என்னய்யா சம்பந்தம்? எனக்கு மண்டை சூடாகிவிட்டது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தேன்.

மாடியில் அம்பு, எண் படங்களை வரைகிறவன் கவின். அவன் சொன்னது: "மீட்டர் எண்ண அப்படியே விட்டுட்டேன் சார். அம்பு மேலதான் பயம். கண்ணாடியில பட்டா இடம் வலமாயிருமில்லீங்களா? அதனால நானே அம்ப முன்னாடியே திருப்பி வரைஞ்சுட்டேன்."

கீழே பெட்டியைச் செய்கிறவள் ஜெசிந்தா. அவள் சொன்னது: "மேல இருந்து வர்ற மொத்தப் படத்தையும் நான் ஒருதடவ திருப்பித்தானுங்க அனுப்பறேன். அப்பத்தான் கண்ணாடியில நேராத் தெரியும். எதையும் விடறதில்லீங்க."

மாடிக்காரர்களும் கீழே இருப்பவர்களும் வேலை நேரத்தில் பேசிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே முதலாளி வைத்த சட்டம்.

சம்பத்குமார் சொன்னது: "நாந்தான் பக்கத்துல உக்காந்திருந்தனே. என் ரெண்டு கண்ணால பாத்தேன், அம்பு இடப்பக்கம்தான் காட்டுச்சு. அந்தச் செவிட்டு ஆளு புத்தி போன பக்கம் திருப்பிட்டான். போலீஸ்லயும் அதத்தான் சொல்லியிருக்கறேன். லைசென்ஸப் புடுங்கட்டும்."

வெள்ளிங்கிரி என்னை நசுங்கிய வண்டிக்கு இழுத்துப் போனார். பானெட்டின் தூசியில் விரலால் ஐம்பது என்ற எண்ணை நேராக எழுதினார். அதன் கீழே வலப்பக்கம் பார்த்து ஓர் அம்பு போட்டார். பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்த நால்வரில் பொய் சொன்னவர் யார்? அம்பு திரும்பியதற்கு யார் பொறுப்பு?

பொய் சொன்னவர் சம்பத்குமார் ஒருவர்தான். பக்கத்துச் சீட்டில் இருப்பவருக்கு அம்பு தெரியவே தெரியாது. வியாபாரியிடம் அவரே சொன்ன சங்கதி அது. எண் நேராகத் தெரிந்ததால் ஜெசிந்தாவின் வேலையில் குற்றமில்லை. அம்பை மட்டும் கவின் ஒருமுறை கூடுதலாகத் திருப்பிவிட்டான். நேராகப் போகச் சொல்லும் அம்பை எத்தனை தடவை இடம் வலமாகத் திருப்பினாலும் நேராகத்தான் இருக்கும் என்பதால், பைபாஸில் பிழை வெளியே வரவில்லை. கவின் செய்தது தவறுதான். ஆனால் அவர்களைப் பேசவும் விடாமல், ஊருக்குள் ஓட்டிப் பார்க்கவும் விடாமல் செய்தது யார்? பொறுப்பு முதலாளிக்குத்தான்.

எல்லோரும் நிற்க, அவர் முகத்துக்கு நேரே இதைச் சொன்னேன். உடனே கவினைக் கூப்பிட்டு அம்பை மாற்றச் சொன்னார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றியாகிவிட்டது. போலீஸில் சொன்னதையும் மாற்றுங்கள் என்றேன்.

"அது எதுக்குங்க? வெளிய தெரிஞ்சா யாவாரம் போயிரும். வெள்ளிங்கிரிக்கு வேற ஏதாச்சும் வேல போட்டுக் குடுத்தறலாம்."

இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் கை நீண்டிருக்கும். வெள்ளிங்கிரியை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். கேட்டைத் தாண்டும்போது, முதலாளி கூப்பிடக் கூப்பிட ஜெசிந்தா எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கவினும் வந்தான்.