வாய் மூடிய தேசியப் பறவை

மருதங்கண்மாய்க் கரையை ஒட்டிய புதர்க்காட்டில் ஒரு மயில் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அது ஒரு பாறைமேல் ஏறி நிற்கும். கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்க்கும். எங்கேயாவது நரியின் காது நுனி தெரிந்தால் போதும், காடே அதிரும்படி கத்தும்.

இனிமையான குரல் என்று பொய் சொல்ல மாட்டேன். துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல இருக்கும். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் முயல் புதருக்குள் பாயும். கவுதாரி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முள்ளுக்குள் நுழையும். நரி வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும்.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அதன் வேப்பமரப் பொந்தில் ஒரு கிளி குடியிருந்தது. ஜன்னல் வழியாகப் பாடம் கேட்டுக் கேட்டு அதற்குப் பொது அறிவு முற்றிப்போயிருந்தது. யாரும் கேட்காமலேயே பதில் சொல்லும் அளவுக்கு முற்றல்!

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை அந்தக் கிளி மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"மயிலாரே! இந்தியாவோட தேசியப் பறவை யாரு தெரியுமா? நீங்கதான்!"

"அப்படின்னா?"

"இந்த நாட்டுல எத்தனையோ பறவை இருக்கு. அத்தனையையும் விட்டுட்டு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்காங்க! அஞ்சாம் வகுப்புச் சுவத்துல உங்க படம் தொங்குது!"

மயிலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யாருக்குத்தான் குளிராது?

"நாட்டுக்கு நாடு ஒரு பறவை இருக்கு" என்று கிளி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தது. "இலங்கைக்குக் காட்டுக்கோழி! வங்கதேசத்துக்குக் குண்டுக்கரிச்சான்! எஸ்டோனியாவுக்குத் தகைவிலான் குருவி! லாட்வியாவுக்கு வெள்ளை வாலாட்டிக் குருவி!"

"வாலாட்டியா? குளிர்காலத்துல நம்ம கண்மாய்க்கு வந்து சேத்துல ஓடி ஓடிப் பூச்சி பிடிக்குமே, அந்தப் பொடிசா?"

"அதேதான்! தகைவிலானும் கூடவே வரும். ரெண்டு நாட்டோட தேசியப் பறவைங்க நம்ம கண்மாயில இறங்கப் போறாங்க. வரவேற்க வேண்டியது யாரு? நீங்க!"

சொல்லிவிட்டுக் கிளி மயிலை மேலும் கீழும் பார்த்தது. அதன் முகம் சுருங்கியது.

"அது சரி... தோகை எங்கே?"

தோகை உதிர்ந்திருந்தது. வருஷா வருஷம் ஆவணி வாக்கில் ஆண் மயில்களுக்குத் தோகை கொட்டிவிடும். தை, மாசியில் மறுபடி வளர்ந்துவிடும். இதற்காக மயில் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நகம் வெட்டினால் நாம் உட்கார்ந்து அழுகிறோமா? ஆனால் இன்று முதல்முறையாக அது தன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்துக் கூசியது.

"படத்துல நீளமா, நிறைய்ய தோகை இருக்கு" என்றது கிளி. "இப்படி மொட்டையா போய் நின்னீங்கன்னா வெளிநாட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? அப்புறம் இன்னொண்ணு. படத்துல உங்க வாய் மூடியிருக்கு."

"அதனால என்ன?"

"காரணம் இல்லாமலா மூடின வாயா வரைஞ்சிருப்பாங்க? தேசியப் பறவை கத்தக் கூடாது! அதான் சட்டம்!"

அப்படி ஒரு சட்டமும் கிடையாது. கிளி அந்த நிமிஷத்தில் போட்ட சட்டம் அது. ஆனால் மயில் பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. நம்பிவிட்டது.

"நான் இப்ப என்ன செய்யட்டும்?" என்று பாவமாகக் கேட்டது.

"தோகை முளைக்கிற வரைக்கும் யார் கண்ணுலயும் படாதீங்க. வாயைத் திறக்கவே திறக்காதீங்க. நீங்க வெளியூர் போயிருக்கிறதா நான் சொல்லிச் சமாளிக்கிறேன்!"

மயில் பாறையை விட்டு இறங்கியது. அடர்ந்த காரைப் புதருக்குள் போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஒரு வாரம் கழித்து மதிய நேரத்தில் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். எத்தனையோ மலையையும் ஆற்றையும் தாண்டி வந்த களைப்பு. வாலாட்டிக் குருவி நிற்கவும் தெம்பில்லாமல் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தகைவிலான் ஒரு கோரைத் தண்டைப் பற்றிக்கொண்டு ஆடியது.

"வருக! வருக!" என்றது கிளி. "எங்க தேசியப் பறவை அவசர வேலையா வெளியூர் போயிருக்கார். பேரழகர்! தோகை மட்டுமே இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும் நீளும்!"

"அப்படியா!" என்றது வாலாட்டி. அதற்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

அன்று பொழுது சாய்ந்தது. புதருக்குள் இருந்த மயிலின் கண்ணில் நரி பட்டது. கவுதாரியின் நாலு குஞ்சுகளும் வெட்டவெளியில் கறையான் கொத்திக்கொண்டிருந்தன. நரி வயிற்றைத் தரையோடு ஒட்டி நகர்ந்தது.

மயில் வாயைத் திறந்தது. தொண்டை வரை சத்தம் வந்துவிட்டது. அப்போது கண்மாய்ப் பக்கத்திலிருந்து விருந்தாளிகள் பேசும் சத்தம் கேட்டது. கத்தினால் அவர்கள் காதில் விழும். எட்டிப் பார்ப்பார்கள். தோகை இல்லாத இந்த உடம்பைப் பார்ப்பார்கள்.

மயில் வாயை மூடிக்கொண்டது.

நரி பாய்ந்தது. கவுதாரி அலறியது. மூன்று குஞ்சுகள் முள்ளுக்குள் ஓடின. நாலாவது குஞ்சு எல்லாருக்கும் சின்னது. அதற்கு ஓடத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கவுதாரி காடெல்லாம் தேடிக்கொண்டு வந்தது. போன குஞ்சு எங்கேயாவது ஒளிந்திருக்காதா என்று ஒவ்வொரு புதராகக் குனிந்து கூப்பிட்டது. காரைப் புதருக்குள் எட்டிப் பார்த்தபோது மயில் இருந்தது.

"அண்ணே! இங்கதான் இருக்கீங்களா? ஊர்ல இல்லைன்னு இன்னைக்குக் காலையிலதான் கிளி சொல்லுச்சே! உடம்புக்கு முடியலையா?"

மயில் தலையைக் குனிந்துகொண்டது.

"நேத்து உங்க சத்தம் வரலைண்ணே. அதனால நரி பக்கத்துல இல்லைன்னு நினைச்சுட்டேன். பிள்ளைங்களை இன்னும் கொஞ்சம் மேயட்டும்னு விட்டேன். என் தப்புதான்" என்றது கவுதாரி. "நீங்க முகம் வாடிக் கிடக்கீங்க. இரை எடுத்தீங்களா? இருங்க, வர்றேன்."

போய்விட்டுத் திரும்பி வந்து நாலைந்து கறையான்களை மயிலின் முன்னால் வைத்தது. வைத்துவிட்டு மறுபடி தேடப் போய்விட்டது.

அந்தக் கறையான்களை மயில் தொடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், பறிபோக விட்டவனுக்கே இரை கொண்டு வந்து வைத்தால் எப்படித் தொண்டையில் இறங்கும்? பகல் முழுக்க அது அசையாமல் கிடந்தது. அன்று ஒரு பகல் ஒரு வருஷமாக நீண்டது.

மாலையில் நரி மறுபடி வந்தது. முந்தின நாள் சுகம் கண்டுவிட்டதே! ஒளியக்கூட இல்லை, திருவிழாவுக்குப் போவதுபோல நடந்து வந்தது. இந்த முறை கண்மாய்ப் பக்கம் திரும்பியது. அங்கே ஈர மண்ணில் வாலாட்டிக் குருவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

மயில் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. புதரைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடி வந்தது. பாறைமேல் ஏறியது. ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்த குரலை எல்லாம் சேர்த்துக் கத்தியது. அப்பா! அப்படி ஒரு கத்தல்!

வாலாட்டி விழித்துக்கொண்டு விருட்டென்று எழும்பியது. கோரைக்குள் இருந்த தகைவிலானும் பறந்தது. முயல் பாய்ந்தது. கவுதாரி மூன்று குஞ்சுகளையும் முள்ளுக்குள் தள்ளியது. நரியின் வாயில் சேறுதான் அகப்பட்டது. துப்பிக்கொண்டே போய்விட்டது.

ஆபத்து நீங்கியதும் எல்லாரும் பாறையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மேலே மயில் நின்றது. தோகை இல்லை. மேலெல்லாம் முள் கீறல். கழுத்தில் சிலந்தி வலை.

"கத்திக் காப்பாத்தினது யாரு?" என்று கேட்டது வாலாட்டி.

"நான்தான்... இந்த நாட்டோட தேசியப் பறவை" என்றது மயில். "வெளியூர் போகலை. தோகை இல்லாம உங்க முன்னாடி வர வெட்கப்பட்டு ஒளிஞ்சிருந்தேன். நீங்க லாட்வியாவோட தேசியப் பறவையாச்சே!"

வாலாட்டி விழித்தது. "என்னது? நானா? எனக்கே தெரியாதே! அங்கே நான் வீட்டு முற்றத்துல ஓடிப் பூச்சி பிடிப்பேன். ஆளுங்க என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியாது" என்றது தகைவிலான். "எஸ்டோனியாவுல நாங்க மாட்டுக்கொட்டகை உத்திரத்துல மண்கூடு கட்டுவோம். கீழே எச்சம்கூட விழும். அப்பவும் சில வீடுகள்ல விரட்ட மாட்டாங்க. கூடவே இருக்கோம்ல, அதனால பிடிச்சுப்போச்சோ என்னவோ!"

கிளிக்குப் பொறுக்கவில்லை. "இருந்தாலும் படத்துல இவரோட வாய் மூடித்தான் இருக்கு! ஆயிரம் தடவை பார்த்திருக்கேன்!"

வாலாட்டி கேட்டது: "படத்துல நரி இருக்கா?"

கிளி யோசித்தது. "இல்லையே."

"நரியே இல்லைன்னா அவர் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கிளிகூட, வேறு வழியில்லாமல், கொஞ்சம் சிரித்தது. மயில் மட்டும் சிரிக்கவில்லை. அது பாறையிலிருந்து இறங்கிக் கவுதாரியின் முன்னால் போய் நின்றது.

"தங்கச்சி, நேத்து நரி வந்ததை நான் பார்த்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன். என் மொட்டை உடம்பை இவங்க பார்த்துடக் கூடாதேன்னு. தப்பு உன்னோடது இல்லை, என்னோடது."

கவுதாரி மயிலை நெடுநேரம் பார்த்தது. பிறகு மூன்று குஞ்சுகளையும் இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு முள்புதரைப் பார்த்து நடந்துவிட்டது. மயில் பின்னாலேயே போகவில்லை. போய் என்ன சொல்வது?

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மயில் வழக்கம்போலப் பாறைமேல் நின்றது. நாலு பக்கமும் பார்த்தது. கீழே சருகு சரசரத்தது. கவுதாரி வந்துகொண்டிருந்தது. பின்னால் மூன்று குஞ்சுகள்.

"எனக்கு இன்னும் கோவம் போகலைண்ணே" என்றது கவுதாரி.

"போகக் கூடாதும்மா" என்றது மயில்.

"எப்பப் போகும்னும் தெரியலை. ஆனா நேத்து ராத்திரி முழுக்க நான் கண்ணை மூடலை. நேத்து சாயங்காலம் நீங்க கத்தினதைக் கேட்ட அப்புறம்தான் பிள்ளைங்க பயமில்லாம தூங்குச்சுங்க." கவுதாரி பாறைக்கு அடியில் காலால் மண்ணைப் பறித்துக் குழி செய்தது. குஞ்சுகளை அதில் இறக்கிவிட்டு, மேலே உட்கார்ந்து இறகுகளை விரித்தது. "நான் கொஞ்சம் தூங்கணும். நீங்க பார்த்துக்கிட்டு இருங்க."

"தூங்கும்மா, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மயில் கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்தது.

கவுதாரி கண்ணை மூடியது.

யார் எவ்வளவு பெரிய பட்டம் கொடுத்தாலும் சரி, நம் குரலை நம்பித் தூங்குகிறவர்களுக்கு அந்தக் குரல் கேட்காமல் போய்விடக் கூடாது.