அவிழ்த்த மூட்டையும் அவிழ்க்காத மூட்டையும்

தென்கோடியில் ஒரு நகரம். அதில் நான்கு பூங்காக்கள். அங்கே விழுகிற பாட்டில், தகரம், அட்டை எல்லாவற்றையும் பொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டுப் பதினான்கு குடும்பங்கள் பிழைத்தன. அவர்களுக்காகப் பேசுகிறவர் இருளப்பன், அறுபது தாண்டியவர்.

அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பூங்காவில் எவருடைய செருப்பு காணாமல் போனாலும் காவலாளி முதலில் இவர்களைத்தான் பிடிப்பான். அதனால் வெளியே வரும்போது, யாரும் கேட்பதற்கு முன்பே, வாசலில் நின்று மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். இருளப்பன் நாற்பது வருஷமாக அப்படிக் காட்டியவர்.

மறுசுழற்சிக் குப்பை அள்ளும் ஒப்பந்தத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுக்க நகராட்சி முடிவு செய்தது. தெரு, சந்தை, பூங்கா எல்லாம் அதில் அடக்கம். இருளப்பன் மூன்று தடவை நகராட்சிக்கு நடந்தார்.

"தெருவை அவங்க எடுத்துக்கிடட்டும் ஐயா. பூங்காவை மட்டும் எங்களுக்கு விட்டுருங்க."

கம்பெனி மேலாளர் மசியவில்லை. தெருக் குப்பை நாறும்; பூங்காக் குப்பைதான் சுத்தமானது, விலை போவது. அது அவருக்கும் தெரியும்.

மூன்றாம் தடவை, சுகாதார அலுவலர் ஞானதிரவியம் ஒரு வழி சொன்னார். ஆளுக்கு இரண்டு பூங்கா. ஒரு வாரம் பொறுக்க வேண்டும். எட்டாம் நாள் எடை. எவருடையது அதிகமோ, நான்கும் அவர்களுக்கு. காய்ந்த பொருள் மட்டுமே செல்லும். அலுவலர் இரு தரப்பு மூட்டைகளையும் அவிழ்த்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் அந்தத் தரப்பு தள்ளுபடி. இரண்டிலும் இருந்தால் மறு எடை. இதையெல்லாம் தாளில் எழுதினார். இருளப்பன் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

"தண்ணி தெளிக்காம இவங்க எடை போட்டதா சரித்திரமே கிடையாது சார்" என்று மேலாளர் சிரித்தார்.

"எங்க மூட்டையில ஈரம் இருந்தா, நீங்க சொல்லுததுக்கு முன்னால நானே சொல்லிருவேன்" என்றார் இருளப்பன்.

திரும்பி வந்து பதினான்கு வீட்டாரிடமும் இன்னொரு வாக்குக் கொடுத்தார்: "பூங்கா நம்ம கையை விட்டுப் போகாது."

எட்டாம் நாள் விடிந்ததும் முத்துப்பேச்சி ஓடி வந்தாள். புருஷன் இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவள்.

"அண்ணாச்சி, கம்பெனிக்காரனுவ பெரிய பூங்காவுல அட்டையை எல்லாம் குழாயில நனைக்கானுவ. என் கண்ணால பாத்தேன்."

"நனைக்கட்டும். அவுத்துப் பாப்போம்னு எழுதியிருக்காரு. நாம சும்மா இருப்போம்."

"எழுத்து நம்மளுக்கு என்னைக்குச் சோறு போட்டுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கு எடை. கம்பெனியின் கறுப்பு மூட்டைகள் வாய் தைத்து வந்திருந்தன. அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ. இவர்களுடையது அறுநூற்று நாற்பது. பதினான்கு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

ஞானதிரவியம் பேனாவைத் திறந்தார். இருளப்பன் தன்னை அறியாமல் குனிந்து, தங்கள் மூட்டை ஒன்றை அவிழ்த்து அவர் முன்னால் விரித்துப் பிடித்தார். அடுக்கைக் காட்ட உள்ளே கையை விட்டார். அட்டை கூழாக இருந்தது. நனைந்த கையை வெளியே எடுத்து நிமிர்ந்து பார்த்தார். முத்துப்பேச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பெரியவரே, கை வேர்த்திருக்கா?" என்றார் மேலாளர்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம்.

"இல்ல ஐயா. ஈரந்தான்" என்றார் இருளப்பன்.

"அப்போ நீங்க தள்ளுபடி" என்று ஞானதிரவியம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கறுப்பு மூட்டைகள் தைத்தது தைத்தபடி லாரியில் ஏறின. லாரி நின்ற இடத்திலிருந்து வாசல்வரை தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் பூங்காவுக்குள் நுழைந்து நாலு பாட்டில் எடுத்த முத்துப்பேச்சியைத் திருட்டு என்று சொல்லி ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். சாயங்காலம் அவளை அழைத்துவர இருளப்பன் போனார். வீட்டு முனையில் அவள் நின்றாள்.

"அவன் நனைச்சதை உங்ககிட்டச் சொன்னேன்லா. நம்ம மூட்டையை மட்டும் ஏன் அண்ணாச்சி அவுத்தீங்க?"

அன்றிலிருந்து அந்தப் பதினான்கு வீட்டில் எவரும் அவரோடு பேசுவதில்லை.

நனைத்தவள் முத்துப்பேச்சி. உண்மையைச் சொன்னவர் இருளப்பன். தாள் எழுதியவர் ஞானதிரவியம். இந்த மூவரில் பூங்கா யாரால் போனது?

விடை: முத்துப்பேச்சி செய்தது தவறுதான். கம்பெனி செய்ததும் அதே தவறு. தாளில் உள்ளபடி இரண்டையும் அவிழ்த்திருந்தால் மறு எடை வந்திருக்கும், பூங்கா அன்றைக்குப் போயிருக்காது. அவிழ்க்க வேண்டியவர் ஞானதிரவியம். தானாக அவிழ்த்தவனைத் தள்ளிவிட்டு, தைத்து வைத்தவனுக்குக் கையெழுத்துப் போட்டார். பூங்கா அவரால்தான் போனது. அவருக்கு அந்த வருஷமே பதவி உயர்வும் வந்தது. 'அதையும் அவிழுங்க ஐயா' என்று இருளப்பன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம். நாற்பது வருஷமாகத் தன் மூட்டையை அவிழ்த்துக் காட்டிய கைக்கு அது ஒன்றுதான் தெரியும். அடுத்தவன் மூட்டையை அவிழ்க்கச் சொல்ல அந்த வாய்க்கு யாரும் இடம் கொடுத்ததே இல்லை.