தேடாமல் தேடிய அண்டா

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் கோயில் பாட்டுக்குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் செபஸ்தியம்மா. என் மூத்தவனுக்கு நிச்சயம் பண்ணின அன்றைக்கு, இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவள் கண்ணில் வழிந்தது வெங்காயத்தாலா சிரிப்பாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குப் பயந்து சொல்கிறேன், நான் எதையும் கூட்டவில்லை.

ஒத்தப்பனையூரில் தொம்மை என்று ஒருவர். தங்கமான மனுஷன். மகள் ரெஜினாவுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். "சாப்பாட்டுல குறை வந்துச்சுன்னா தாலி கட்டுறதுக்கு முன்னாலேயே கிளம்பிருவோம்" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் முதலிலேயே சொல்லிவிட்டார். தொம்மைக்கு அதிலிருந்தே தூக்கம் கிடையாது. முந்நூறு பேருக்குச் சோறு வேகிற அண்டா அந்த ஊரிலேயே ஒன்றுதான். அது தொம்மையுடையது, அவர் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. விளிம்பில் பேர் வெட்டியிருக்கும்: ‘தொம்மை - லூர்து திருமணத்துக்கு வியாகுலம் அன்பளிப்பு, 12.5.1986.’

வெள்ளிக்கிழமை அதைப் புளி போட்டுத் தேய்த்து, முற்றத்தில் காயவைத்துவிட்டு, ஊரே வேன் பிடித்து டவுனுக்கு மேட்னி ஷோ போனது. துப்பறியும் படம். திரும்பி வந்து பார்த்தால், அண்டா இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது.

தொம்மையின் மனைவி லூர்து தரையைப் பார்த்தாள். "இந்தா, இழுத்துட்டுப் போன தடம் வாழைத்தோப்புக்குப் போகுது. ஓடிப் பாருங்க!"

தொம்மை ஒரு கால் எடுத்து வைத்தார். அவருக்கு மச்சான் முறையான பிச்சையா கையைப் பிடித்து நிறுத்தினார். பிச்சையா அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவர். ஆகவே அந்த ஊரில் துப்பறியும் படிப்பு படித்தவர் அவர்தான்.

"மச்சான், படத்துல இன்ஸ்பெக்டர் எங்கேயாவது தேடினாரா?"

"இல்லையே."

"பிறகு எப்படிக் கண்டுபிடிச்சார்?"

தொம்மை யோசித்தார். "மழைக்கு ஒரு வீட்டுல ஒதுங்கினார், அது கொலைகாரன் வீடா இருந்துச்சு. போன் போட்டார், ராங் நம்பர் போயி கொலைகாரனே எடுத்தான். கடைசியில வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தார். விழுந்ததும் அவன் மேலதான்."

"தடத்தைப் பார்த்துத் தேடிப்போன ஏட்டு என்ன ஆனார்?"

"இடைவேளைக்கு முன்னாலேயே செத்துட்டார்."

"அம்புட்டுத்தான்" என்றார் பிச்சையா.

தொம்மை காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். வேறு யாரும் மறதியாக அந்தத் தடத்தில் போய்ச் செத்துவிடக் கூடாதே என்று, விளக்குமாறு கொண்டுவந்து சுத்தமாகப் பெருக்கியும் விட்டார்கள்.

சனிக்கிழமை மழைக்குக் காத்திருந்தார்கள். மே மாதத்தில் மழைக்கு எங்கே போவது? கப்ரியேல் என்று ஒரு இளவட்டம் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஓடிப்போய் எதிரே இருந்த வீட்டில் ஒதுங்கினான். அது அவன் வீடு. ஊர் கூடி அவனைத் தூணில் கட்டியது.

"இது என் வீடாச்சே!"

"கொலைகாரனும் இதையேதான் சொன்னான்" என்றார் பிச்சையா வருத்தத்தோடு.

அடுத்தது ராங் நம்பர். கண்ணை மூடிக்கொண்டு தொம்மைதான் போட்டார். இரண்டு பேர் திட்டினார்கள். மூன்றாவது ஆள், "போலீஸ் ஸ்டேஷன், சொல்லுங்க" என்றார்.

"மன்னிக்கணும் ஐயா, நாங்க திருடனுக்குப் போட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டார் தொம்மை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்காகக் கப்ரியேலை அவிழ்த்துவிட்டார்கள். பூசை முடிந்ததும் மிச்சமிருந்தது வாழைப்பழத் தோல். பந்திக்கு வாங்கி வைத்திருந்த மூன்று தாரையும் ஊரே உட்கார்ந்து தின்று, தோலை ரோடு முழுக்க விரித்தார்கள். பிறகு வரிசையாக நடந்து வழுக்கி விழுந்தார்கள். யார் மேல் விழுந்தாலும் அது ஒத்தப்பனையூர்க்காரனாகவே இருந்தது. பிச்சையாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

எல்லாரும் தைலம் தேய்க்கப் போய்விட்டார்கள். தொம்மை மட்டும் பந்தலில் தனியாக உட்கார்ந்தார். நாளைக்கு இந்நேரம் மாப்பிள்ளை வீட்டு வேன் திரும்பிப் போவதும், மகள் பட்டுச்சேலையோடு அதைப் பார்த்து நிற்பதும் கண்ணுக்குள் வந்தது. "மாதாவே" என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

அதே சமயம் வாழைத்தோப்பில் ஒருவன், ரோட்டில் ஆள் ஒழியட்டும் என்று இரண்டு நாளாகப் பட்டினியோடு பதுங்கிக் கிடந்தவன், சைக்கிள் கேரியரில் அண்டாவைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். தோலில் சக்கரம் வழுக்கியது. அவன் ஒரு பக்கம் விழ, அண்டா உருண்டு வந்து தொம்மையின் காலடியில் நின்றது.

சத்தம் கேட்டு ஊரே வந்துவிட்டது. ஓட வழியில்லை.

"அண்டா யாருது தம்பி?" என்றார் தொம்மை.

"எ... என்னுதுதான்."

"பேரு?"

அவன் குனிந்து விளிம்பைப் பார்த்தான். "தொம்மை."

"அட! என் பேரும் அதுதான்! சம்சாரம் பேரு?"

"லூர்து."

"மாமனார்?"

அவன் அண்டாவைக் கொஞ்சம் திருப்பினான். "வியாகுலம்."

தொம்மைக்கு மயிர்க்கூச்செறிந்தது. "கல்யாணம் எப்போ ஆச்சு?"

"எண்பத்தாறு மே பன்னிரண்டு."

கப்ரியேலுக்குத்தான் ஒரு சந்தேகம். "இவனுக்கு இருபது வயசுக்கு மேல இருக்காதே. பிறக்கிறதுக்கு முன்னாலேயா கல்யாணம் ஆச்சு?"

"அந்தக் காலத்துல எல்லாம் சீக்கிரமே முடிச்சுருவாங்கடா" என்றார் பிச்சையா. பிறகு இடுப்பைப் பிடித்தபடி தீர்ப்பு சொன்னார்: "மச்சான், இம்புட்டும் பொருந்துதுன்னா ஒண்ணே ஒண்ணுதான். இவர் திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்ச உம்ம ரெட்டைத் தம்பி!"

"எனக்குக் கூடப்பிறந்தது யாருமில்லைன்னுல்ல அம்மா சொன்னாங்க?"

"தொலைஞ்சதைச் சொன்னா நீர் வருத்தப்படுவீர்னு மறைச்சிருப்பாங்க."

தொம்மை அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டு நாள் பட்டினியில் அவனும் அழுதான். இலை போட்டுச் சோறு வைத்தார்கள். "சித்தப்பா சீர் இல்லாம கல்யாணமா?" என்று பிச்சையா கேட்கவும், எல்லாரும் அவன் கையைப் பார்த்தார்கள். அவனிடம் இருந்தது அண்டா ஒன்றுதான். அதைக் கொடுத்தான்.

லூர்து அண்டாவின் பக்கவாட்டு நசுங்கலைத் தடவினாள். போன வருஷம் கிணற்றடியில் அவள் கையாலே நசுங்கியது. வாயைத் திறந்தாள். அரிசி களைய நேரமாகிவிட்டதை நினைத்து மூடிக்கொண்டாள்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போட்டோவில் சித்தப்பா முன்வரிசையில் நிற்கிறார்.

எல்லாம் முடிந்து லூர்து மகளை வேனில் ஏற்றிவிடப் போயிருந்தாள். தொம்மை தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உன் புண்ணியத்துல மானம் தப்பிச்சுது. ஆனா என் அண்டா போனது போனதுதான். நீ நாலு ஊருக்குப் போற ஆள். எங்கேயாவது கண்டா சொல்லு."

"அடையாளம் என்ன அண்ணாச்சி?"

"அச்சு அசல் உன் அண்டா மாதிரியே இருக்கும்" என்றார் தொம்மை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு செய். இதைக் கையோட கொண்டுபோ. ஒத்துப் பார்க்க வசதியா இருக்கும்" என்று அவரே தூக்கிக் கேரியரில் வைத்துக் கட்டினார். தம்பி வழுக்கி விழுந்துவிடக் கூடாதென்று ஊரே முன்னால் போய்த் தோலைப் பெருக்கிவிட்டது.

உங்கள் ஊர்ப் பக்கம் அண்டாவும் சைக்கிளுமாகத் தொம்மை என்று ஒருவர் வந்தால், வாசலில் நிற்கவைத்து ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். பாவம், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம்.